மலிவு மணல் போட்ட மரைன் தொட்டி: கோளாறு மணலிலா, வேறெங்கா?

“அண்ணா, காசு மிச்சமாகுமேன்னு மலிவு மணல் போட்டேன். இப்போ தொட்டி கலங்கிக் கிடக்கு. எல்லாத்தையும் அள்ளிட்டு இறக்குமதி மணலே போட்டுடவா?” உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் போன் இது. “இப்போதைக்குக் கையை உள்ளே விடாதீங்க” என்பதுதான் பெரும்பாலும் என் பதில். மணலை மாற்றுவது ஒரு நாள் வேலையாகத் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அதைச் செய்து முடிக்க ஒரு மாதம் பிடிக்கும், மீனுக்கும் ஆபத்து. உண்மையிலேயே மணலை வெளியேற்ற வேண்டிய கோளாறுகள் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் கழுவாததாலோ, அளவு பார்க்காததாலோ, வேறொரு காரணத்தாலோ வருகிறது. பழி மட்டும் மணல் மேல் விழுகிறது.

அறிகுறிகளுக்குப் போகுமுன், உங்கள் பையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

பையில் என்ன இருக்கிறது?

மரைன் தொட்டியில் போடும் மணல் இரண்டு சாதி. ஒன்று சுண்ணாம்புச் சாதி: அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு வகை), பவளத் தூள், கிளிஞ்சல் தூள், மார்பிள் தூள் எல்லாம் இதில் சேர்த்தி. இன்னொன்று சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ். இரண்டிலுமே தொட்டி நன்றாக ஓடும். எந்தச் சாதி என்று தெரியாமல் இருப்பதுதான் தொல்லை.

ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, சும்மா இருந்தால் சிலிக்கா. அடுத்து, ஒரு தட்டில் மணலைப் பரப்பி, பிளாஸ்டிக் உறை சுற்றிய வலுவான காந்தத்தை மேலே ஓட்டுங்கள். கருப்பாக ஏதாவது ஒட்டுகிறதா என்று பாருங்கள். நிறைய ஒட்டினால் அந்த மணல் வேண்டாம். மூன்றாவதாக, ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் ஓரளவு தெளிந்தால் நல்லது. மறுநாள் காலையிலும் மோர் மாதிரி இருந்தால் அதில் மாவு அதிகம்.

மூன்றாவது சோதனையை விட்டுவிட்டு நான் பட்டது போதும். ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் “மரைன் சாண்ட்” என்று மட்டும் எழுதிய பையை வாங்கினேன். உப்பு மாதிரி வெள்ளை. வினிகர் விட்டால் சோடா போல நுரைத்தது. அசல் அரகோனைட்தான் என்று பெருமையாகக் கொட்டினேன். ஒன்பது நாள் தொட்டிக்குள் மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அது மார்பிள் அறுக்கும் இடத்தில் விழுந்த தூள். வினிகர் பொய் சொல்லவில்லை, மார்பிளும் சுண்ணாம்புதான். குருணையின் அளவைப் பற்றி வினிகருக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

குருணை அளவுக்கு நான் சமையலறைக் கணக்கு வைத்திருக்கிறேன். மைதா போல இருந்தால் வேண்டாம். ரவைக்கும் கடுகுக்கும் நடுவில் இருந்தால் (சுமார் 0.5 முதல் 1.5 மி.மீ.) அதுதான் வேண்டியது. மிளகு அளவுக்குப் போனால் இடுக்குகளில் தீனியும் கழிவும் இறங்கி அழுகும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல். சிமென்ட் பரிசோதனைக்கூடங்களில் பயன்படும் இந்தியத் தர மணல் எங்கிருந்தோ வருவதல்ல, நம் எண்ணூர் மணல்தான். டாமின் என்கிற தமிழ்நாடு கனிம நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. கிட்டத்தட்ட சுத்தமான குவார்ட்ஸ். மூன்று தரமாகச் சலித்து விற்கிறார்கள்: 2 முதல் 1 மி.மீ., 1 முதல் 0.5 மி.மீ., 0.5 முதல் 0.09 மி.மீ. இரண்டாம் தரம் நமக்காகவே சலித்த மாதிரி இருக்கும். சிவில் இன்ஜினியரிங் படித்த நண்பர் யாராவது இருந்தால் வழி சொல்வார். அது கிடைக்காவிட்டால் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் விற்கும் ஃபில்டர் மணல், அதே அளவில். இரண்டுமே இறக்குமதிப் பையோடு ஒப்பிட்டால் பல மடங்கு மலிவு.

எவ்வளவு வேண்டும்? நீளம், அகலம், மணல் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ. 90க்கு 45 தொட்டியில் 3 செ.மீ. உயரத்துக்கு 12 லிட்டர் சொச்சம், அதாவது 18 கிலோ. 20 வாங்கினால் கழுவும்போது போகிற சேதாரமும் அடங்கிவிடும்.

எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கருங்கல் அது. முனை கூர்மை, தூசியும் அதிகம். மெரினாவில் அள்ளி வரலாமே என்று கேட்பவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், பவளக் கடற்கரை மணல் அல்ல. கூவமும் அடையாறும் கலக்கிற கடலோரத்து மணலில் வேறு என்னென்ன இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் மணல் அள்ளுவதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் போனவர்கள் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வருவது அதைவிட மோசம். கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளம்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

சரி, இனி கோளாறுகள்.

“தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது”

இது இரண்டு விதம். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளைப் படிவு தங்கி மேலே தெளிந்திருந்தால் அது மணல் மாவு. அப்படியே மங்கலாக இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம்.

பாக்டீரியா என்றால் செய்ய வேண்டியது கொஞ்சமே. தீனியைக் குறையுங்கள், ஸ்கிம்மரையும் (நுரையெழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஏர் பம்ப்பையும் ஓட விடுங்கள். பெருகிய பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும், அதனால் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். சில நாளில் தானே தெளியும்.

மாவு என்றால் மணலைச் சரியாகக் கழுவவில்லை. சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) ஃபில்டர் பஞ்சு அடைத்து, தினமும் கழற்றி அலசிப் போடுங்கள். வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் எழுப்பும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி, அடியில் மணல் கிளறாமல் பாருங்கள். பாறைகள் மேல் படிந்ததை ஒரு சின்ன பம்ப்பால் ஊதி எழுப்பினால் பஞ்சு பிடித்துக்கொள்ளும். நான்கைந்து நாள் பொறுமை. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் உப்புதான் வீண் செலவு. மாவு அடியில் இருக்கிற வரைக்கும் புதுத் தண்ணீரும் கலங்கத்தான் செய்யும்.

இன்னும் மணல் போடாதவர்களுக்குக் கழுவும் முறை: ஒரு பக்கெட்டில் 5 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். ஹோஸை அடிவரை செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையால் கிளறிக்கொண்டே மேலே வழிய விடுங்கள். அரிசி களைவது மாதிரி இரண்டு தண்ணீரோடு நிறுத்திவிடக் கூடாது. பதினைந்து இருபது முறை ஆகும். கிளறினாலும் பக்கெட்டின் அடி தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. கடைசி ஒரு தடவை ஆர்.ஓ. தண்ணீர். உலர்ந்த மணலை மெட்ரோ தண்ணீரில் கழுவுவதால் ஒன்றும் ஆகாது. ஈரமாகப் பையில் வரும் லைவ் சாண்டை மட்டும் அப்படிக் கழுவினால், காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவைக் கொன்ற மாதிரி.

“மணல் மேல் பழுப்பாகப் படர்கிறது”

சிலிக்கா மணல் போட்டவர்கள் அத்தனை பேரையும் பயமுறுத்துவது இதுதான். டயாட்டம் என்ற நுண்பாசிக்குச் சிலிக்காவில்தான் ஓடு. அதனால் சிலிக்கா மணல் போட்டால் டயாட்டம் வரும் என்று ஒரு கதை வெகுநாளாகச் சுற்றுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குவார்ட்ஸ் தண்ணீரில் கரைவது மிக மிக மெதுவாக. டயாட்டத்துக்கு வேண்டியது கரைந்த சிலிக்கேட். அது வருவது போர் தண்ணீரிலிருந்தும், வயதான ஆர்.ஓ. மெம்பிரேன் வழியாகவும்தான். அரகோனைட் போட்ட புதுத் தொட்டியிலும் இதே பழுப்பு வரும், ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். நம் ஊரில் நிலத்தடித் தண்ணீரை வீட்டு ஆர்.ஓ.வில் வடித்து உப்புக் கலக்குபவர்கள் நிறைய. வடித்த தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் குழாய் (ஆர்.ஓ. விட்டுவைத்ததைப் பிடிக்கும் வடிகட்டி) ஒன்று சேருங்கள்.

விரலால் தொட்டால் தூசி போலப் பறந்தால் டயாட்டம். நத்தைகள் தின்று தீர்க்கும், விட்டுவிடுங்கள். சளி போல இழையிழையாக, நுனியில் காற்றுக் குமிழோடு நின்றால் அது டைனோஃபிளாஜெல்லேட் ஆக இருக்கலாம். அது வேறு கதை. சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. கொஞ்சம் அள்ளி ஒரு பாட்டிலில் போட்டுப் பலமாகக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி இழையாகத் திரண்டால் டைனோ. அது பெரும்பாலும் பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய தொட்டியில் தலைதூக்கும். அப்போது தண்ணீரை இன்னும் சுத்தப்படுத்துவது எரிகிற நெருப்பில் எண்ணெய். மணலைக் கிளறாமல், தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, அந்த இரண்டையும் மெல்ல மேலே கொண்டு வர வேண்டும்.

“மணல் ஒரு மூலையில் குவிகிறது, இன்னொரு மூலையில் கண்ணாடி தெரிகிறது”

குருணை சின்னது, வேவ்மேக்கர் பெரிது. வேவ்மேக்கரைத் தண்ணீரின் மேல் பாதிக்கு ஏற்றி, எதிர்க் கண்ணாடியின் மேல்பகுதியைப் பார்த்துத் திருப்புங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால், குழி விழும் இடத்தில் மட்டும் 1 முதல் 2 மி.மீ. மணலை ஒரு அடுக்கு போடுங்கள்.

“மணல் கட்டி பிடித்துப் பாறை மாதிரி ஆகிறது”

விரலை விட்டால் அடை போலப் பெயர்ந்து வருகிறதா? கால்சியம் கார்பனேட் மணலின் மேலேயே படிந்து குருணைகளை ஒட்டவைக்கிறது. மணலின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பவளத்துக்காக நீங்கள் ஊற்றுகிற கால்சிய, கார மருந்துக்குத்தான் சம்பந்தம். சுண்ணாம்புத் தெளிவையோ கார உப்பையோ ஒரே இடத்தில், ஒரே மூச்சில் ஊற்றுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். காரத்தன்மை 12 டி.கே.எச்.சைத் தாண்டியிருக்கும், அல்லது மெக்னீசியம் 1200 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்கும். மெக்னீசியம்தான் இந்தப் படிவைத் தடுத்து நிறுத்தும் காவல்காரன். அதை 1300 பக்கம் கொண்டு வாருங்கள், காரத்தன்மையை 8 அல்லது 9க்கு இறங்க விடுங்கள், மருந்தைச் சம்ப்பில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பெரிய கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிடலாம், சின்னதைக் கையால் நொறுக்கிவிட்டால் போதும்.

“அரகோனைட் போட்டும் பி.எச். 7.8ஐத் தாண்டவில்லை”

விலை அதிகமான மணலை விற்பவர்கள் சொல்லும் முதல் வாக்கியமே, அது பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் என்பதுதான். பாதிக்கும் குறைவான உண்மை. கடல்நீர் அதன் இயல்பான 8.2இல் இருக்கும்போது அதில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தெவிட்டும் அளவுக்கு மேல் இருக்கிறது. அதில் போட்ட அரகோனைட் கரைய இடமே இல்லை. பி.எச். நன்றாகக் கீழே விழுந்த பிறகுதான் கரையத் தொடங்கும். அதனால்தான் கால்சியம் ரியாக்டர்களில் (சுண்ணாம்பைக் கரைத்துத் தொட்டிக்குக் கொடுக்கும் கருவி) கார்பன் டைஆக்சைடு செலுத்தி உள்ளே பி.எச்.சை 6.5 பக்கம் கொண்டுபோகிறார்கள். மணல் படுகையின் ஆழத்தில் கொஞ்சம் கரையும், மறுக்கவில்லை. பவளம் வளர்க்கும் தொட்டிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சிலிக்கா போட்டாலும் அரகோனைட் போட்டாலும் கால்சியத்தையும் காரத்தையும் நீங்கள்தான் கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் பி.எச். ஏன் குறைவு? ஏ.சி. அறையா, ஜன்னல் மூடியிருக்கிறதா? ஒரு ஜக்கில் தொட்டித் தண்ணீரை எடுத்து மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, ஏர் பம்ப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் குற்றவாளி அறையில் தேங்கிய கார்பன் டைஆக்சைடு. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏறவில்லையென்றால் காரத்தன்மையை அளந்து பாருங்கள், அது 7 டி.கே.எச்.சுக்குக் கீழே கிடக்கும்.

“மணலுக்குள் கருப்புத் திட்டு, அழுகிய முட்டை நாற்றம்”

முதலில் இதைக் கேட்கிறேன்: கண்ணாடி ஓரமாக மட்டும் பச்சை, கருப்புக் கோடுகள் தெரிகின்றனவா? அது வெளிச்சம் பட்டு வளர்ந்த பாசியும், ஆக்சிஜன் எட்டாத அடுக்கும். நாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீனுக்கு விஷம். இதற்குக் காரணம் அநேகமாக மணலின் உயரம்தான். 3 செ.மீ. போட்டால் ஆக்சிஜன் அடிவரை போகும். வேண்டுமென்றே ஆழப் படுகை வைப்பவர்கள் மெல்லிய மணலில் 10 செ.மீ.க்கு மேல் போட்டு, புழுக்களையும் சின்ன நத்தைகளையும் வளர்த்து அதைப் பராமரிப்பார்கள். இரண்டும் இல்லாமல் “பார்க்க நன்றாக இருக்கிறது” என்று 6, 7 செ.மீ. போட்டு, அதற்கு மேல் பாறையை அடுக்குபவர்கள்தான் மாட்டுகிறார்கள். பாறையை எப்போதும் அடிக் கண்ணாடியின் மேல் வைத்துவிட்டு, பிறகு சுற்றி மணலைப் போடுங்கள்.

நாறும் மணலைக் கிளறவே கூடாது. தண்ணீர் மாற்றும் நாளில், கருப்புத் திட்டின் மேலேயே ஒரு அங்குலக் குழாயை வைத்து, மணலோடு சேர்த்து வெளியே உறிஞ்சுங்கள். ஒரு நாளுக்கு உள்ளங்கை அளவு போதும். அன்று ஸ்கிம்மரும் ஏர் பம்ப்பும் முழு வேகத்தில் ஓடட்டும்.

“பாசி அடங்கவே மாட்டேன் என்கிறது”

மெல்லிய சிவப்புப் போர்வை போல மணல் மேல் வருவது சயனோபாக்டீரியா. அது தண்ணீர் ஓட்டம் குறைந்து கழிவு தங்கும் இடத்தில் வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, வேவ்மேக்கரின் கோணத்தை மாற்றுங்கள்.

பச்சை முடிப்பாசி தொடர்ந்து வந்தால் மணலைச் சந்தேகிக்க நியாயம் உண்டு, அதிலும் சுண்ணாம்பு மணலை. கால்சியம் கார்பனேட், பாசிக்கு உரமான பாஸ்பேட்டைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், பிறகு மெல்ல விடும். வேறொருவர் தொட்டியிலிருந்து இலவசமாக வந்த பழைய பவள மணல் என்றால் இன்னும் சந்தேகிக்கலாம். புதிதாகக் கலந்த ஒரு லிட்டர் உப்புநீரில் ஒரு டம்ளர் மணலைப் போட்டு மூன்று நாள் கழித்துப் பாஸ்பேட் அளந்து பாருங்கள். ஏறியிருந்தால், மீதி மணலையும் பக்கெட்டில் ஊறவைத்து, எண் இறங்கும் வரை தண்ணீர் மாற்றுங்கள்.

“நத்தையும் இறாலும் செத்துக்கொண்டே இருக்கின்றன, மீன் மட்டும் இருக்கிறது”

இப்போதுதான் மணலை வெளியேற்றச் சொல்கிறேன். அதற்கு முன் அம்மோனியாவும் உப்பு அளவும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் அடுத்த சந்தேகம் செம்பு. மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட நத்தையும் இறாலும் தாங்காது.

மணலில் செம்பு எப்படி? கோழித் தீவனக் கடையில் வாங்கிய சிப்பித் தூள் வழியாக வரலாம். தனிச் சிப்பித் தூள் அருமையான, மலிவான பொருள், சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதே கடையில், அதே மாதிரிச் சாக்கில், தாது உப்புக் கலவையும் விற்பார்கள். அதில் டைகால்சியம் பாஸ்பேட்டும் செம்பு உப்பும் சேர்த்திருக்கும். கோழிக்கு நல்லது, இறாலுக்கு எமன். “எதுவும் கலக்காத சிப்பிதானே?” என்று கேட்டு, சாக்கின் மேல் எழுதியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். சாயம் ஏற்றிய வண்ண மணலும் காந்தத்தில் நிறையத் துகள் ஒட்டிய மணலும் இதே பட்டியலில்தான்.

வெளியே எடுக்கும் முறை: மீதி உயிர்களை உடனே வேறு தொட்டிக்கோ, ஹீட்டரும் ஏர் பம்ப்பும் போட்ட பெரிய பக்கெட்டுக்கோ மாற்ற முடிந்தால், மணலை ஒரே நாளில் எடுத்துவிடலாம். முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு கால் பங்கு, தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி. கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா பெரும்பகுதி பாறையில் இருக்கிறது, அதனால் பாறையைக் கழுவவோ காய வைக்கவோ கூடாது. ஒவ்வொரு முறை எடுத்த மறுநாளும் அம்மோனியா பாருங்கள். செம்பு சந்தேகம் இருந்தால் சம்ப்பில் கார்பன் போட்டு, பெரிய அளவில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள்.

புது மணலை மேலிருந்து கொட்டாதீர்கள். ஓர் அகலமான பி.வி.சி. குழாயை அடிவரை இறக்கி, நனைத்த மணலைப் புனல் வழியாகக் குழாய்க்குள் விட்டு, குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். பம்ப்புகளை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் போடலாம். நண்பர் யாருடைய நல்ல தொட்டியிலிருந்தாவது ஒரு டம்ளர் மணல் வாங்கி மேலே தூவிவிட்டால், தனியாக லைவ் சாண்ட் பை வாங்கத் தேவையில்லை. நத்தையை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். முதலில் ஒன்றே ஒன்று, பத்து நாள் கழித்தும் அது கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தால் மற்றவை.